விடிய வைக்கிற வேலை

ஜூன் 21

அக்காவுக்கு,

காலை பதினொன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது. அதற்கு முன்னால் வரவில்லை.

"ஒரு போனை எடுக்க முடியலையா உங்களால?" என்று அன்றைக்கு வாசலில் அத்தனை பேர் முன்னால் கேட்டீர்கள். அப்போது எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தக் கூட்டத்தில் யார் காதில் விழுந்திருக்கும். அதனால் இப்போது எழுதுகிறேன்.

கோளரங்கத்தில் காட்சி நடக்கிற டோமுக்குள் நுழைவதற்கு முன் போனை அணைத்து, கதவோரம் இருக்கிற மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்கு மட்டுமில்லை, எங்களுக்கும் அதே சட்டம்தான். ஒரு போன் வெளிச்சம் போதும், கூரையில் இருக்கிற நட்சத்திரமெல்லாம் வெளுத்துப்போகும். காட்சி தொடங்கும்போது "கைபேசிகளை அணைத்துவிடுங்கள்" என்று மைக்கில் சொல்கிறவனே நான்தான். அன்றைக்கு அடுத்தடுத்து இரண்டு காட்சி. உங்கள் தங்கை பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, அங்கிருந்து யார் யாரோ என்னைக் கூப்பிட்டது, எதுவும் பெட்டிக்குள் கிடந்த போனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கடைசியில் ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். மேலாளர் சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு இருட்டில் தட்டுத்தடுமாறி வந்து என் காதில் சொன்னார்.

நான் உடனே எழுந்து போகவில்லை. உள்ளே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். நடுராத்திரி வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருக்கிற ஆள் தெரியாத இருட்டு. அப்படியே விட்டுவிட்டுப் போனால் அலறிவிடுவார்கள். பட்டென்று விளக்கைப் போட்டாலும் பயந்துபோவார்கள். அதனால் கிழக்கு ஓரத்து விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, விடிய வைத்துவிட்டு எழுந்தேன். வழக்கத்தைவிட வேகமான விடியல்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கதவைத் திறந்து வெளியே வந்தபோது முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம்தான் கேட்டது.

நடந்தது இவ்வளவுதான்.

அதற்கப்புறம் போனை நான் அணைக்கவே இல்லை. அதனால் டோமுக்குள்ளும் போவதில்லை. மேலாளர் நல்ல மனிதர், கீழே ஒர்க்‌ஷாப்பில் உட்கார வைத்திருக்கிறார். லென்ஸ் துடைக்கிறேன். மோட்டாரைப் பிரித்து மாட்டுகிறேன். மேலே, முன்பே பதிவுசெய்த காட்சி ஓடுகிறது. பொத்தானை அழுத்தினால் ஒரு குரல் பேசும், அதுபாட்டுக்கு இருட்டும், அதுபாட்டுக்கு விடியும்.

பட்டாணிக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஒரு காலி டின். அடியில் துளை போட்டிருக்கிறேன். உள்ளே டார்ச்சை வைத்து அடித்தால் சுவரில் நட்சத்திரம் தெரியும். துளைகளை அளந்துதான் போட்டேன், இடைவெளி சரியாக இருக்கும். உங்கள் வீட்டில் தங்கி, உங்கள் மூன்றாம் வகுப்பிலேயே படிக்கிற என் மகளைப் பற்றி உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சாப்பிடுகிறாளா?

பட்டாணியின் அப்பா


ஜூன் 29

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. "இந்தக் காலத்துல யாரு டீச்சர் லெட்டர் எழுதுறாங்க?" என்று தபால்காரர் ஆச்சரியப்பட்டார். போனை ராப்பகலாக ஆன் செய்து வைத்துக்கொண்டு, மணி அடித்தால் எடுக்காமல் கடிதம் எழுதுகிற ஒரு ஆள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார் என்று அவரிடம் சொல்லவா முடியும்? கடையை அகலமாகத் திறந்து வைத்துவிட்டுக் கல்லாவில் ஆள் இல்லாத கதையாக இருக்கிறது உங்கள் கதை. நான் கூப்பிட்டால் மணி போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அணைக்கவும் மாட்டீர்கள், எடுக்கவும் மாட்டீர்கள். அப்புறம் எதற்கு அந்தப் போன்?

விடிய வைத்துவிட்டு எழுந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பற்றி எழுத இப்போது கை வரவில்லை. பட்டாணியைப் பற்றி எழுதுகிறேன்.

சாப்பிடுகிறாள். வீட்டில் நான் பெரியம்மா, பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். இரண்டாவது வாரமே வகுப்பில் வாய்தவறி "பெரியம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள். இப்போது நாற்பது பேருக்கும் நான் பெரியம்மா. புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் அப்பா வந்து, "மூணாம் கிளாஸ் பெரியம்மா யாரு?" என்று ஆபீசில் விசாரித்திருக்கிறார்.

உங்கள் டின்னை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புச் சார்ட் ஒட்டி, பெஞ்சை ஓரம் கட்டி, எல்லோரும் தரையில் மல்லாந்து படுத்தோம். கூரையில் நட்சத்திரம். எங்கள் வகுப்பில் கைதட்டல் கிடையாது. பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். தட்டினால் அந்த டீச்சர் வந்து வாசலில் நின்றுவிடுவார். அதனால் யாராவது நன்றாகச் செய்தால் இரண்டு கையையும் மேலே தூக்கி விரல்களை மட்டும் ஆட்டுவோம். அன்றைக்கு உங்கள் டின்னுக்கு நாற்பது ஜோடிக் கை ஆடியது. "எங்கப்பா அளந்து போட்டது" என்று பட்டாணி சொன்ன தோரணையைப் பார்க்க வேண்டுமே. மந்திரி கெட்டார் போங்கள்.

தலைமையாசிரியை ஒருநாள் வந்தார். மனசு தாங்காமல் அவள் தலையைத் தடவி, "அம்மா எங்கேயும் போகலடா கண்ணு. நட்சத்திரமாயிட்டா. மேலேருந்து உன்னையே பாத்துக்கிட்டிருக்கா" என்றார்.

பட்டாணி கையைக் கட்டிக்கொண்டு நின்று மரியாதையாகப் பதில் சொன்னாள். "நட்சத்திரம்னா எரியிற வாயு, மிஸ். எங்கம்மாவுக்கு வாயுவெல்லாம் கிடையாது."

வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியைக்கு வாயை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு அழுகையும் வந்தது. இந்தப் பேச்சை எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாதா?

ஒரு சண்டையும் நடந்தது. மைதானத்தில் சூரியன், பூமி, நிலா நடித்துக் காட்டினோம். பட்டாணி நிலா. பூமியைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நடந்து சுற்றி வந்தாள். "நிலா தன்னைத்தானேயும் சுத்தும்மா, நீயும் சுத்து" என்றேன். "சுத்திக்கிட்டுதான் இருக்கேன் பெரியம்மா. முகத்தைத் திருப்பாம சுத்துறேன்" என்றாள். அதெப்படி என்று அவளை உட்கார வைத்துவிட்டு வேறொரு பையனை நிலாவாக்கினேன். அவன் பம்பரம் மாதிரிச் சுற்றி, தலை கிறுகிறுத்துப் பூமி மேலேயே விழுந்தான். பட்டாணி வீட்டுக்கு வந்தும் என்னோடு பேசவில்லை. பாடப்புத்தகத்தில் "நிலவும் தன்னைத்தானே சுற்றுகிறது" என்றுதான் போட்டிருக்கிறது. யார் சொல்வது சரி?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். வருஷா வருஷம் மூன்றாம் வகுப்பைக் கல்விப் பயணம் கூட்டிப்போவோம். போஸ்ட் ஆபீஸ் பார்த்தாயிற்று. அடுத்தது தீயணைப்பு நிலையம். அதற்கப்புறம் உங்கள் கோளரங்கம். அதற்குக் காரணம் உங்கள் மகள்தான். "எங்கப்பாதான் பகலை ராத்திரியாக்குவாரு. அப்புறம் அவரே விடிய வைப்பாரு" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்கிற ஒரு பையன் உண்டு, பட்டப்பெயரே சந்தேகம். அவன், "எங்கப்பாகூடத்தான் தெனமும் லைட்ட அணைக்கிறாரு" என்றிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "வந்து பாருடா" என்று சவால் விட்டுவிட்டாள்.

பயணத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். காட்சி நடத்துகிற நாற்காலியில் அன்றைக்கு நீங்கள் இருப்பீர்களா, மாட்டீர்களா? இல்லையென்றால் நாற்பது பேருக்கு நடுவில் அவளுக்குப் பொய்க்காரி என்று பெயர் ஒட்டும். இந்த வயதில் ஒட்டுகிற பெயர் லேசில் உரியாது. நான் படிக்கும்போது வகுப்பில் முப்பது பேர் ஒன்றாகச் சேர்ந்து எனக்கு வைத்த பெயர் இன்றைக்கும் என் கல்யாண ஆல்பத்துக்குப் பின்னால் எழுதியிருக்கிறது, உங்கள் வீட்டம்மாவின் கையெழுத்தில்.

பட்டாணியின் பெரியம்மா


ஜூலை 6

அக்காவுக்கு,

உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தேன். மேலாளர் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

என்னால் முடியாது. பதிவுக் காட்சி நன்றாகத்தான் இருக்கும். சின்னவன் ஒருவன் மேலே இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான்.

முயற்சி செய்யாமல் சொல்லவில்லை. நேற்று கதவு வரைக்கும் போனேன். போனைக் கையில் எடுத்தேன். அணைக்கிற பொத்தானில் விரல் வைத்தேன். விரல் அங்கே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் தொட்ட உணர்வு இல்லை. மரத்துப்போன பல்லைத் தொடுகிற மாதிரி. திரும்பிக் கீழே வந்துவிட்டேன்.

மணி அடித்தால் ஏன் எடுப்பதில்லை என்று கேட்கிறீர்கள். எடுத்தால் செய்தி வந்துவிடும். அணைத்தால் செய்தி வராது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

நிலா விஷயத்தில் அவள் செய்தது சரி. நீங்கள் சொன்னதுதான் தப்பு, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் பூமியைப் பார்த்தபடி சுற்றி வந்தாளே, அப்போது பூமிக்குப் பின்னால் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள். முதலில் பள்ளிக்கூட கேட். கொஞ்சம் நகர்ந்ததும் தண்ணீர்க் குழாய். அப்புறம் சுற்றுச்சுவர். அப்புறம் வகுப்பறை. நாலு பக்கமும் அவள் முகம் பார்த்துவிட்டதென்றால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள் என்றுதானே அர்த்தம்? ஆனால் பூமிக்கு அவள் முதுகைக் காட்டவே இல்லை. நிலா அப்படித்தான். பூமியை ஒரு தடவை சுற்றி வருகிற அதே நேரத்தில் தன்னையும் ஒரு தடவை சுற்றிக்கொள்கிறது.

பெரியவர்களே தடுமாறுகிற இடம் இது. பொறியியல் படித்தவர்களிடமே டோமில் கேட்டிருக்கிறேன், பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள். மூன்றாம் வகுப்பில் அவள் நடந்து காட்டியிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. டோமில் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

வகுப்பில் இதை அவளைவிட்டே மறுபடியும் செய்யச் சொல்ல முடியுமா?

பட்டாணியின் அப்பா


ஜூலை 15

தம்பிக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். "போன மாசம் நிலாவை உக்கார வெச்சது டீச்சரோட தப்பு" என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் பட்டாணியைக் கூப்பிட்டேன். அவள் சுற்ற, சந்தேகம் கூடவே நடந்து, நிலாவுக்கு என்ன தெரிகிறது என்று கத்திச் சொன்னான். "கேட்டு. கொழாய். செவுரு. நம்ம கிளாசு." கடைசியில் அவனே நின்று, "அட, ஒரு ரவுண்டு சுத்திட்டா" என்றான். கைகள் ஆடின. மைதானத்தில் தட்டியிருக்கலாம், ஆனால் பழக்கம்.

அன்றைக்குச் சாயங்காலம் தலை பின்னிவிடும்போது பேச்சு வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். "எங்கப்பாவும் அப்படித்தான் பெரியம்மா. தூரமாத்தான் சுத்துறாரு. முகத்தைத் திருப்பல."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான்தான் தம்பி. அந்த வாசலில், அத்தனை பேர் முன்னால்.

உங்கள் முதல் கடிதத்துக்கு இப்போது பதில் எழுதுகிறேன். என் வகுப்பு இருட்டில் இருந்து, எனக்கு அந்தச் செய்தி வந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். பிள்ளைகளை வெளிச்சத்தில் விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். எந்த டீச்சரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். என் தங்கை நல்ல ஆளைத்தான் பிடித்தாள். அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போய்வந்தோம். நாற்பது பேரும் அந்தப் பெரிய தொப்பியை ஆளுக்கொரு தடவை போட்டுப் பார்த்தார்கள். கேள்வி நேரத்தில் எல்லோரும் தண்ணீர், ஏணி என்று கேட்க, பட்டாணி மட்டும், "போன் மணி அடிச்சா எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டாள். "ரெண்டாவது மணிக்குள்ள எடுத்துருவோம்" என்றார் தீயணைப்புக்காரர்.

"எங்கப்பா எடுக்கவே மாட்டாரு. ஆனா அணைக்கவும் மாட்டாரு."

அந்த மனிதர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அவரும் டியூட்டியிலதான் இருக்காரு பாப்பா" என்றார். இவளுக்குப் பிடிபடாத பெருமை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், "எங்கப்பா டியூட்டியில இருக்காரு" என்று பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஆனால் டியூட்டி என்றால் ஷிப்ட் உண்டு தம்பி. அந்தத் தீயணைப்புக்காரரும் மாலையில் தொப்பியைக் கழற்றி அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். நீங்கள் மட்டும் மாற்ற ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் இல்லையா?

இன்னொன்று. நீங்கள் கணக்காக யோசிக்கிற ஆள், கணக்காகவே கேட்கிறேன். யாரைப் பற்றிச் செய்தி வரும் என்று அந்தப் போனை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? பட்டாணியைப் பற்றித்தானே? அவள் அன்றைக்கு டோமுக்குள்ளே, உங்கள் கண்ணெதிரே உட்கார்ந்திருப்பாள். வெளியிலிருந்து யார் கூப்பிட்டு என்ன சொல்லப்போகிறார்கள்?

பதிவுக் காட்சிதான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.

அக்கா


ஜூலை 22

அக்காவுக்கு,

உங்கள் கணக்கில் தப்பு கண்டுபிடிக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் காலியாக இருக்கும்போது டோமுக்குள் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். போனை அணைக்காமல் சட்டைப்பையில் கைக்குட்டை சுற்றி வைத்துக்கொண்டு போனேன். விளம்பரம் ஒன்று வந்து, கைக்குட்டையையும் தாண்டி வெளிச்சம் அடித்தது. கூரையில் பாதி வானம் போய்விட்டது. அது சரிப்படாது.

சின்னவன் பொத்தானோடு நிறுத்திக்கொண்டதில், காட்சியை இயக்குகிற கன்சோல் மேஜையில் தூசி படிந்திருந்தது. துடைத்தேன். கிழக்கு விளக்கை ஏற்றி இறக்குகிற குமிழ் கொஞ்சம் இறுகிப்போயிருந்தது, பிரித்துச் சரிசெய்தேன். ஒரு தடவை இருட்டாக்கி, ஒரு தடவை விடிய வைத்தேன். கை மறக்கவில்லை. உங்கள் தங்கை சொல்வாள்: "ஊருக்கெல்லாம் விடிய வைக்கிறீங்க. நம்ம வீட்டுல விடிஞ்சிருச்சுன்னு உங்களுக்குச் சொல்ல நான் ஒருத்தி வேணும்." காலையில் என்னை எழுப்புவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். இப்போது அலாரம் வைக்கிறேன். அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிடுகிறது.

ஒன்றுதான் பயமாக இருக்கிறது. கடைசியில் விடியும்போது பிள்ளைகள் கைதட்டுவார்கள். எல்லாப் பள்ளிக்கூடமும் தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியவில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால், அவள் முன்னால், எழுந்து ஓடிவிட்டால்? அது பதிவுக் காட்சியைவிட மோசம்.

நீங்கள் கன்சோல் பக்கத்தில் உட்கார முடியுமா? ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

பட்டாணியின் அப்பா


ஜூலை 27

தம்பிக்கு,

நாற்காலியை எடுத்துவிடுங்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் வகுப்பை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அழாத குறையாகக் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. என் பிள்ளைகளோடு புது டீச்சர் வருவார். நல்ல பெண், போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். இருட்டென்றால் பயமாம். அவளையும் சேர்த்து நாற்பத்தொரு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரட்டைப் பின்னலும் சிவப்பு ரிப்பனுமாக ஒருத்தி வருவாள். பஸ்ஸில் வாந்தி எடுப்பாள். எடுத்து முடித்ததும் சரியாகிவிடுவாள், பரிதாபப்பட்டால் மறுபடியும் எடுப்பாள். சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டே இருக்கிறவனைக் காட்சிக்கு முன்னால் கட்டாயம் பாத்ரூமுக்கு அனுப்புங்கள். "வரல" என்பான், நம்பாதீர்கள். சந்தேகம் முதல் வரிசையில் உட்காரப் பார்ப்பான், உட்காரட்டும். இருட்டியதும் அவன்தான் முதலில் பயப்படுவான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

பட்டாணி வரிசைத் தலைவி. வாயில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கிக் கூட்டிவருவாள். இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறாள்.

அன்றைக்கு முழுவதும் நான் பள்ளிக்கூடத்தில்தான் இருப்பேன். என் போன் மேஜைமேல், முன் பெஞ்சுப் பிள்ளைகள் கண்ணில் படுகிற மாதிரி இருக்கும். டிரைவர் நம்பர், புது டீச்சர் நம்பர் எல்லாம் என்னிடம் இருக்கிறது. பஸ் கிளம்பியதிலிருந்து கேட்டுக்குள் திரும்பி வரும்வரை டியூட்டி என்னுடையது. மணி அடித்தால் எடுப்பேன். நான் எடுக்கிற ஆள்.

பஸ் எப்போது வரும் என்று என் வகுப்பு இப்போதே நச்சரிக்கிறது. நிறுத்துகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

அடுத்த காட்சிக்குக் கொஞ்ச நேரம் இருக்கிறது. கன்சோலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வந்தார்கள். சிவப்பு ரிப்பன் வாசலிலேயே காரியத்தை முடித்துவிட்டாள். நான் பரிதாபப்படவில்லை. பொத்தான் கடிக்கிறவன் "வரல" என்றான். அனுப்பினேன், வந்தது.

பட்டாணி ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வாயில் விரலோடு வரிசையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "குட் மார்னிங் சார்" என்றாள். நானும் "குட் மார்னிங்" என்றேன். உங்கள் ஒப்பந்தம் இங்கேயும் செல்லும் என்று அப்புறம்தான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் நீங்கள் டீச்சர், இங்கே நான் சார். மேலாளர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சந்தேகம் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்கதான் பகலை ராத்திரியாக்குறவரா?" என்றான். "உள்ள வா, பாத்துட்டுச் சொல்லு" என்றேன்.

கதவோரம் மரப்பெட்டி. புது டீச்சர் போனைப் போட்டார், டிரைவர் போட்டார். பட்டாணி பெட்டிக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றாள். நான் அவளைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"சார், உங்க போன்?" என்றாள். கையை நீட்டினாள். நான் நின்றேன். கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நான் உள்ளதான்பா இருக்கேன்" என்றாள்.

அழுத்தினேன். விரல் மரத்துத்தான் இருந்தது. ஆனால் போன் அணைந்துவிட்டது.

சூரியனை மெல்ல இறக்கினேன். கீச்சுக்குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசி வெளிச்சம் போய் நட்சத்திரங்கள் வந்தபோது முதல் வரிசையிலிருந்து, "அம்மாடியோவ்" என்று ஒரு குரல். சந்தேகம்தான். புது டீச்சர் பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துக்கொண்டார். அது பட்டாணியின் கை. "ஒண்ணும் ஆகாது மிஸ், விடிஞ்சிரும்" என்று அவள் சொல்வது மைக் வரைக்கும் கேட்டது.

நிலாவைக் கொண்டுவந்து, ஏன் இது எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்று கேட்டேன். எத்தனை வருஷமாகக் கேட்டிருப்பேன் இந்தக் கேள்வியை. நாற்பது குரல் ஒன்றாக, "முகத்தைத் திருப்பாம சுத்துது" என்றது. எனக்கு அடுத்த வரி மறந்துபோய்விட்டது. இவ்வளவு சரியான பதில் டோமில் யாரும் சொன்னதில்லை. சொல்லிக்கொடுத்தது என் மகள்.

அப்புறம் இருட்டில் ஒரு சின்னக் குரல் கேட்டது. யார் என்று தெரியவில்லை. "சார், இதுல பட்டாணியோட அம்மா எது?"

கை குமிழில் அப்படியே நின்றுவிட்டது.  புது டீச்சர் "உஸ்" என்றார். 

பட்டாணிதான் பதில் சொன்னாள். அழாமல், கோபப்படாமல், தெரிந்ததைச் சொல்கிற குரலில். "எங்கம்மா இதுல இல்ல. இதெல்லாம் பல்பு. ஓட்டை வழியா வர்ற வெளிச்சம். எங்கம்மா நெஜம்."

அக்கா, நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கூரைக்கு அடியில் எவ்வளவோ பேர் எவ்வளவோ பேசிக் கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. "ஆமாம். அவங்க சொன்னது சரி" என்றேன். மகள் என்று சொல்லவில்லை. சார் இல்லையா.

கடைசியில் விடிய வைக்க வேண்டிய நேரம் வந்தது. கிழக்கு விளக்கைத் தொட்டேன். அவசரப்படவில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாத விடியலை இவர்களுக்குக் கொடுத்தேன். முதலில் சாம்பல். அப்புறம் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அனுப்பினேன். வெளிச்சம் ஏற ஏற, காதைக் கெட்டியாக்கிக்கொண்டு அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் நாற்பது ஜோடிக் கை மேலே நிற்கிறது. விரல்கள் மட்டும் ஆடுகின்றன. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. புது டீச்சரும் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் சொல்லி அனுப்பினீர்களா, இல்லை பிள்ளைகளைப் பார்த்து அவராகவே செய்தாரா என்று கேட்கப்போவதில்லை. என் பயத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது புரிகிறது. நான் எழுந்து ஓடவில்லை. கன்சோலுக்குப் பின்னால் நின்று நானும் இரண்டு கையையும் தூக்கினேன்.

வெளியே வந்ததும் சந்தேகம் பட்டாணியிடம் போய் நின்றான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "உங்கப்பா லைட்ட அணைக்கலடி. இருட்டைப் போட்டாரு."  அவள் கழுத்து ஒரு சாண் நீண்டது. எனக்கும் நீண்டிருக்கும்.

பஸ்ஸில் ஏறும்போதுதான் ஒப்பந்தத்தை மீறினாள். படியில் நின்று திரும்பி, "அப்பா, ஞாயித்துக்கிழமை வாங்க. பெரியம்மா உங்களத் திட்டி முடிச்சிட்டாங்க" என்றாள். வருகிறேன். அவளை என்னோடு கூட்டிக்கொண்டு வருவதைப் பற்றியும் பேச வேண்டும்.

பஸ் போய்விட்டது. வாசலில் வேறொரு பள்ளிக்கூடம் வரிசையில் நிற்கிறது. "பதிவா, நீங்களா?" என்று மேலாளர் கேட்டார். நான்தான் என்றேன். சொன்ன பிறகுதான் தோன்றியது. போன காட்சிக்கு அவள் உள்ளே இருந்தாள். இப்போது அவள் ரோட்டில் இருக்கிறாள், உங்களுக்கும் எனக்கும் நடுவில் எங்கேயோ. உங்கள் கணக்கு இந்தக் காட்சிக்குச் செல்லாது.

பெட்டிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். உங்கள் மேஜையும், அதன்மேல் இருக்கிற போனும், அதை முறைத்துக்கொண்டிருக்கிற பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் கண்ணுக்குத் தெரிந்தன. நீங்கள் எடுக்கிற ஆள்.

காட்சி முடிந்ததும் நானே உங்களைக் கூப்பிடுகிறேன். இந்தக் கடிதம் கையில் கிடைக்கும்போது பேசி முடித்திருப்போம். முதல் மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். ஷிப்ட் மாற்றிக்கொண்டேன் அக்கா. போனை அணைத்துவிட்டேன்.